குழாய் ஓட்டக் கணக்கு: அடுக்கோட்டம், கொந்தளிப்போட்டம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழே வரும் கணக்குகளில் பெரும்பாலும் ஒரே குழாயைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறோம். உள்விட்டம் 50 மி.மீ., நீளம் 100 மீ., புது எஃகுக் குழாய். அதில் 20 டிகிரி செல்சியஸ் தண்ணீர் நொடிக்கு 3 லிட்டர் ஓடுகிறது. ஒரே குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தால், எதை மாற்றினால் விடை எவ்வளவு நகர்கிறது என்பது கைக்குப் பழகிவிடும்.

இரண்டு ஓட்டங்களுக்கும் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் என்ன?

1883-இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் ஒரு கண்ணாடிக் குழாயில் ஓடும் நீருக்குள் மெல்லிய சாயக் கோடு ஒன்றை விட்டுப் பார்த்தார். வேகம் குறைவாக இருந்தபோது அந்தக் கோடு குழாயின் கடைசி வரை நூல் பிடித்தாற்போல நேராகப் போனது. வேகத்தைக் கூட்டியதும் ஓரிடத்தில் நடுங்கி, பிய்ந்து, குழாய் முழுக்கச் சாயம் கலந்துவிட்டது. முதலாவது லேமினார் எனப்படும் அடுக்கோட்டம். இரண்டாவது டர்புலன்ட் எனப்படும் கொந்தளிப்போட்டம்.

தண்ணீர்க் குழாயைச் சற்றே திறந்தால் கண்ணாடிக் கம்பி போல அசையாமல் விழும் தாரையிலும், முழுக்கத் திறந்தால் முரடாகக் கொட்டும் தாரையிலும் இதன் சாயலைப் பார்க்கலாம். குழாய் முனையில் வலை பொருத்தியிருந்தால் அது காற்றைக் கலந்து நீரை வெளுக்கச் செய்யும். அந்த வெண்மையை வைத்து எந்த ஓட்டம் என்று முடிவு கட்டக் கூடாது.

கணக்குக்கு முக்கியமான வேறுபாடு வேகம் பரவியிருக்கும் விதத்தில் இருக்கிறது. அடுக்கோட்டத்தில் நடுக்குழாயின் வேகம் சராசரி வேகத்தைப் போலச் சரியாக இரண்டு மடங்கு. கொந்தளிப்பில் சுமார் 1.2 மடங்குதான், ஏனென்றால் சுழல்கள் வேகத்தைக் கலக்கிச் சமப்படுத்திவிடுகின்றன.

எந்த ஓட்டம் என்பதை எப்படி முடிவு செய்வது?

ரெனால்ட்ஸ் எண்ணைப் போட்டுப் பார்த்துத்தான்.

ரெனால்ட்ஸ் எண் = அடர்த்தி × சராசரி வேகம் × உள்விட்டம் ÷ பாகுத்தன்மை (ஓடுவதற்குத் திரவம் காட்டும் தடை)

நம் குழாயின் குறுக்குப் பரப்பு 0.0019635 சதுர மீட்டர். நொடிக்கு 0.003 கன மீட்டரை அதால் வகுத்தால் வேகம் நொடிக்கு 1.528 மீ. தண்ணீரின் அடர்த்தி 998 கி.கி./கன மீட்டர், பாகுத்தன்மை 0.001002 பாஸ்கல்-நொடி. ரெனால்ட்ஸ் எண் சுமார் 76,100 வருகிறது. 2,300-க்குக் கீழே அடுக்கோட்டம், 4,000-க்கு மேலே கொந்தளிப்பு. ஆக இது ஐயத்துக்கு இடமில்லாத கொந்தளிப்பு.

இங்கே தவறு நடப்பது பெரும்பாலும் அலகில்தான். விட்டத்தை மில்லிமீட்டரிலேயே போட்டுவிடுவது ஒன்று. சென்டிபாய்ஸில் கொடுத்த பாகுத்தன்மையை 1,000-ஆல் வகுக்க மறப்பது இன்னொன்று. எண்ணெய்த் தகவல் தாள்களில் சென்டிஸ்டோக்ஸ் என்று இருந்தால் அது கைனமேட்டிக் பாகுத்தன்மை, அதாவது ஏற்கெனவே அடர்த்தியால் வகுத்தது. அதைப் பயன்படுத்தும்போது மேலே அடர்த்தியால் பெருக்கக் கூடாது.

2,300-க்கும் 4,000-க்கும் நடுவில் வந்தால்?

அந்த இடைவெளியில் ஓட்டம் நிலையாக இருப்பதில்லை. கொஞ்ச நேரம் அடுக்காகவும் கொஞ்ச நேரம் கொந்தளித்தும் ஓடும், அழுத்தமானியின் முள் ஆடும். குழாயின் வாய் எப்படி இருக்கிறது, பக்கத்தில் அதிர்வு உண்டா என்பதெல்லாம் விடையை மாற்றும். 2,300 என்பது இயற்கை விதித்த வேலி அல்ல. வாயை வளைவாகச் செய்து, அதிர்வில்லாமல் பார்த்துக்கொண்டால் ஆய்வகத்தில் பத்தாயிரங்களைத் தாண்டியும் அடுக்கோட்டத்தைக் காப்பாற்ற முடியும். தொழிற்சாலைக் குழாயில் அது நடக்காது.

வடிவமைக்கும்போது கொந்தளிப்பு என்று வைத்துக் கணக்கிடுங்கள். இழப்பு அதிகமாக வரும், பாதுகாப்பான பக்கம் அதுதான். ஓட்டத்தை அளக்க வேண்டிய குழாயாக இருந்தால் இந்த இடைவெளியில் ஓடாதபடி விட்டத்தையே மாற்றிவிடுவது நல்லது.

அடுக்கோட்டத்தில் அழுத்த இழப்பை எப்படிக் கணக்கிடுவது?

இதற்கு ஊகமே தேவையில்லாத சூத்திரம் இருக்கிறது. ஹாகன் என்ற ஜெர்மானியப் பொறியாளரும், நுண்குழாய்களில் இரத்தம் ஓடுவதை ஆராய்ந்த புவாசாய் என்ற பிரெஞ்சு மருத்துவரும் 1840-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தனித்தனியாகக் கண்டது:

அழுத்த இழப்பு = 128 × பாகுத்தன்மை × நீளம் × ஓட்ட அளவு ÷ (3.1416 × உள்விட்டத்தின் நான்காம் அடுக்கு)

ஒரு எண்ணெயை எடுத்துக்கொள்வோம். அடர்த்தி 880, பாகுத்தன்மை 0.1 பாஸ்கல்-நொடி. உள்விட்டம் 25 மி.மீ., நீளம் 10 மீ., ஓட்டம் நொடிக்கு 0.3 லிட்டர். வேகம் 0.611 மீ./நொடி, ரெனால்ட்ஸ் எண் 134. இழப்பு சுமார் 31,300 பாஸ்கல், அதாவது 0.31 பார். 64-ஐ ரெனால்ட்ஸ் எண்ணால் வகுத்து வரும் 0.476-ஐ உராய்வுக் காரணியாகப் போட்டு, அடுத்த கேள்வியில் வரும் பொதுச் சூத்திரத்தில் கணக்கிட்டாலும் இதே விடைதான் வரும். வராவிட்டால் அலகில் எங்கோ பிசகு.

இந்தச் சூத்திரத்தில் சுவரின் சொரசொரப்பு வரவே இல்லை என்பதைக் கவனியுங்கள். எண்ணெய்க் குழாய்க்கு உள்ளே பளபளப்பான குழாயை வாங்கி இழப்பைக் குறைக்க முடியாது. குறைக்கும் வழி இரண்டு: விட்டத்தைக் கூட்டலாம், எண்ணெயைச் சூடாக்கலாம். சூடாகிப் பாகுத்தன்மை பாதியானால் இழப்பும் சரிபாதி. வெப்பநிலை தெரியாமல் எண்ணெய்க் குழாய்க்குக் கணக்குப் போடுவதில் பொருளே இல்லை. குளிர்ந்த நிலையில் பம்பு ஓடத் தொடங்கும் தருணத்துக்குத் தனியாக ஒரு கணக்கு கட்டாயம் போட வேண்டும்.

கொந்தளிப்போட்டத்தில்?

டார்சி–வைஸ்பாக் சூத்திரம்:

ஹெட் இழப்பு = உராய்வுக் காரணி × (நீளம் ÷ உள்விட்டம்) × (வேகத்தின் வர்க்கம் ÷ 19.62)

ஹெட் என்பது அழுத்தத்தை அதே திரவத்தின் உயரமாக, மீட்டரில் சொல்வது. கடைசி அடைப்புக்குள் இருப்பதை வேக ஹெட் என்பார்கள். நம் குழாயில் அது 0.119 மீ. நீளத்தை விட்டத்தால் வகுத்தால் 2,000. உராய்வுக் காரணி 0.0225 என்று வைத்தால் இழப்பு 0.0225 × 2,000 × 0.119, அதாவது 5.35 மீட்டர் தண்ணீர். அழுத்தமாகச் சொன்னால் சுமார் 52,400 பாஸ்கல். அந்த 0.0225 எங்கிருந்து வந்தது என்பதுதான் அடுத்த கேள்வி.

உராய்வுக் காரணியைக் கண்டுபிடிப்பது எப்படி?

கோல்புரூக் 1939-இல் வெளியிட்ட சமன்பாடு இன்றும் அடிப்படை:

1 ÷ √காரணி = −2 × மடக்கை [ சொரசொரப்பு ÷ (3.7 × விட்டம்) + 2.51 ÷ (ரெனால்ட்ஸ் எண் × √காரணி) ]

மடக்கை 10-ஐ அடிமானமாகக் கொண்டது. கணிப்பொறி நிரல்களில் வெறுமனே log என்று எழுதினால் பலவற்றில் இயல் மடக்கைதான் கிடைக்கும். விடை அபத்தமாக வந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

காரணி இரண்டு பக்கமும் இருப்பதால் நேராகத் தீர்க்க முடியாது. ஒரு தொடக்க மதிப்பைப் போட்டுச் சுற்றிச் சுற்றி வர வேண்டும். தொடக்கத்துக்கு 1976-இல் சுவாமியும் ஜெயினும் தந்த சூத்திரம் அருமையானது:

காரணி = 0.25 ÷ { மடக்கை [ சொரசொரப்பு ÷ (3.7 × விட்டம்) + 5.74 ÷ ரெனால்ட்ஸ் எண்ணின் 0.9-ஆம் அடுக்கு ] }²

புது எஃகின் சொரசொரப்பு 0.045 மி.மீ. அதை 50-ஆல் வகுத்தால் 0.0009. சுவாமி–ஜெயின் தரும் விடை 0.02264. அதைக் கோல்புரூக்கில் வலப்பக்கம் போட்டால் 0.02248, மறுபடி போட்டால் 0.02249. இரண்டு சுற்றில் முடிந்துவிட்டது. முதல் விடைக்கும் கடைசி விடைக்கும் வித்தியாசம் ஒரு சதவீதம்கூட இல்லை. சொரசொரப்பே தோராயமாகத்தான் தெரியும் என்கிறபோது சுவாமி–ஜெயினோடு நிறுத்திக்கொண்டாலே போதும். மூடி (Moody) என்பவர் 1944-இல் வெளியிட்ட வரைபடமும் இதே சமன்பாட்டைத்தான் கோடுகளாகக் காட்டுகிறது.

சொரசொரப்புக்கு எந்த எண்ணைப் போடுவது?

புதிய குழாய்களுக்கு வழக்கமாக எடுப்பவை: பி.வி.சி., இழுத்துச் செய்த செம்பு 0.0015 மி.மீ.; வணிக எஃகு 0.045, துத்தநாகம் பூசிய இரும்பு 0.15, வார்ப்பிரும்பு 0.26, கான்கிரீட் 0.3 முதல் 3 வரை.

0.045 மி.மீ. என்பது ஒரு தலைமுடியின் தடிமன் அளவுகூட இல்லாத மேடு பள்ளம். இது எப்படி 50 மி.மீ. குழாயில் ஓடும் நீரைத் தடுக்கிறது? கொந்தளிப்போட்டத்திலும் சுவரை ஒட்டி மிக மெல்லிய ஒரு படலம் அமைதியாக ஊர்கிறது. நம் குழாயில் அதன் தடிமன் சுமார் 0.06 மி.மீ. சொரசொரப்பின் முனைகள் அந்தப் படலத்துக்குள் புதைந்திருக்கும் வரை நீருக்குச் சுவர் வழவழப்புதான். வேகம் கூடக் கூடப் படலம் மெலிந்து முனைகள் வெளியே நீட்டிக்கொள்ளும். முழுக்க வெளியே வந்துவிட்டால் காரணி ரெனால்ட்ஸ் எண்ணைச் சாராமல் சொரசொரப்பை மட்டுமே சார்ந்து நிற்கும். குழாயின் உட்சுவரில் மணலை ஒட்டி நிக்குராட்சே 1933-இல் வெளியிட்ட சோதனைகள் காட்டியது இதைத்தான்.

வெப்பநிலை கொந்தளிப்பில் ஏன் பெரிதாகப் பேசப்படுவதில்லை என்பதும் இதிலிருந்து புரியும். அதே குழாயில் 60 டிகிரி நீர் ஓடினால் பாகுத்தன்மை 0.000466, அதாவது பாதிக்கும் கீழே. காரணியோ 0.0225-இலிருந்து 0.0209-க்குத்தான் இறங்குகிறது, வெறும் 7 சதவீதம்.

பழைய குழாய்க்கு எவ்வளவு சேர்த்துப் போட வேண்டும்?

துரு பிடித்த குழாயில் இரண்டு கேடு சேர்ந்து வரும். சொரசொரப்பு கூடும், ஓட்டை சுருங்கும். நம் குழாயில் துரு படிந்து உள்விட்டம் 46 மி.மீ. ஆகி, சொரசொரப்பு 1.5 மி.மீ. ஆனது என்று வையுங்கள். காரணி 0.06-ஐ ஒட்டிப் போகிறது. இழப்பு 5.35 மீட்டரிலிருந்து 21 மீட்டருக்கு மேல், நான்கு மடங்கு. நான்கு மி.மீ. சுருங்கியது மட்டுமே அதில் ஒன்றரை மடங்கு.

விட்டம் சற்று மாறினால் இவ்வளவு மாறுமா?

மாறும். கொந்தளிப்பில் ஓட்டம் அதேயாக இருந்தால் இழப்பு விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்கு ஏறக்குறைய எதிர்விகிதம். 50-க்குப் பதில் 40 மி.மீ. போட்டால் 5.35 மீட்டர் 16.5 மீட்டராகிறது. காரணியின் மூன்றாம் தசமத்தைத் துரத்துகிறவர்கள் விட்டத்தைக் குழாயின் மேல் அச்சிட்ட எண்ணிலிருந்து எடுத்துவிடுவதுதான் இந்தத் துறையில் மிகவும் வருந்தத்தக்க பழக்கம்.

குழாயின் பெயரில் உள்ள அளவு உள்விட்டம் அல்ல. 2 அங்குல எஃகுக் குழாய் ஷெட்யூல் (சுவர்த் தடிமன் வகை) 40-இல் உள்விட்டம் 52.5 மி.மீ., ஷெட்யூல் 80-இல் 49.25 மி.மீ. பெயர் ஒன்றேதான், இழப்போ 38 சதவீதம் கூடுதல். 63 மி.மீ. என்று விற்கும் பிளாஸ்டிக் குழாயில் 63 என்பது வெளிவிட்டம். அதிலிருந்து சுவர்த் தடிமனை இரண்டு முறை கழிக்க வேண்டும், அந்தத் தடிமன் அழுத்தத் தரத்துக்குத் தரம் மாறும். முடிந்தால் ஒரு துண்டை வெட்டி வெர்னியரால் அளந்துவிடுங்கள்.

இதோடு ஒட்டி வரும் இன்னொரு கேள்வி: 50 மி.மீ. குழாய்க்குப் பதில் 25 மி.மீ. குழாய்கள் எத்தனை? பரப்பை வைத்து நான்கு என்று தோன்றும். அதே இழப்புக்கு அதே ஓட்டம் வேண்டுமென்றால் கொந்தளிப்பில் ஆறு, அடுக்கோட்டத்தில் 16.

அடுக்கோட்டக் காரணிக்கு ரெனால்ட்ஸ் எண்ணால் வகுக்கும் எண் ஒரு புத்தகத்தில் 64, இன்னொன்றில் 16. எது சரி?

இரண்டும் சரி. 64 என்பது டார்சி காரணி, 16 என்பது ஃபானிங் காரணி. வேதிப் பொறியியல் புத்தகங்களில் ஃபானிங் அதிகம் புழங்கும். டார்சியின் மதிப்பு ஃபானிங்கைப் போல நான்கு மடங்கு. வரைபடம் ஒன்றிலிருந்தும் சூத்திரம் மற்றொன்றிலிருந்தும் எடுத்தால் விடை நான்கு மடங்கு பிசகும். வரைபடத்தின் அடுக்கோட்டக் கோட்டில் ரெனால்ட்ஸ் எண் 1,000-க்கு நேரே பாருங்கள். 0.064 என்றால் டார்சி, 0.016 என்றால் ஃபானிங்.

இழப்பு தெரியும், ஓட்டம் தெரியாது. ஊகித்து ஊகித்துத்தான் போட வேண்டுமா?

வேண்டாம். வேகம் தெரியாவிட்டாலும் ரெனால்ட்ஸ் எண்ணையும் காரணியின் வர்க்கமூலத்தையும் சேர்த்துப் பெருக்கிய தொகை தெரிந்துவிடுகிறது. அதனால் கோல்புரூக் நேராகவே விடை தரும். முதலில் ஓர் இடைமதிப்பு:

இடைமதிப்பு = √(19.62 × விட்டம் × ஹெட் இழப்பு ÷ நீளம்)

பிறகு:

வேகம் = −2 × இடைமதிப்பு × மடக்கை [ சொரசொரப்பு ÷ (3.7 × விட்டம்) + 2.51 × கைனமேட்டிக் பாகுத்தன்மை ÷ (விட்டம் × இடைமதிப்பு) ]

நம் குழாயில் 10 மீட்டர் ஹெட் கைவசம் இருந்தால் இடைமதிப்பு 0.3132. அடைப்புக்குள் முதல் பகுதி 0.000243, இரண்டாவது 0.000161. வேகம் 2.13 மீ./நொடி, ஓட்டம் நொடிக்கு 4.17 லிட்டர். ஹெட் ஏறத்தாழ இரட்டித்தும் ஓட்டம் 39 சதவீதம்தான் கூடியது. பெரிய பம்பு போட்டால் ஓட்டமும் அதே அளவு பெருகிவிடும் என்ற எதிர்பார்ப்பு உடைவது இங்கேதான்.

விடை வந்ததும் ரெனால்ட்ஸ் எண்ணைப் போட்டு 4,000-க்கு மேல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் இந்த வழி பொருந்தாது.

விட்டம்தான் தெரியவில்லை என்றால்?

காரணியை 0.02 என்று வைத்துத் தொடங்குங்கள்.

விட்டம் = [ 8 × காரணி × நீளம் × ஓட்டத்தின் வர்க்கம் ÷ (96.8 × ஹெட் இழப்பு) ] இன் ஐந்தாம் மூலம்

நொடிக்கு 3 லிட்டர், 100 மீட்டருக்கு 3 மீட்டர் இழப்பு மட்டுமே அனுமதி என்றால் முதல் விடை 54.8 மி.மீ. அந்த விட்டத்தில் காரணி 0.0225 வருகிறது. திரும்பப் போட்டால் 56.1 மி.மீ. காரணியில் 12 சதவீதத்துக்கு மேல் பிழை இருந்தும் விட்டம் 2.4 சதவீதம்தான் நகர்ந்தது. பிறகு 56.1-க்கு அடுத்துப் பெரிதாகக் கிடைக்கும் உள்விட்டத்தை எடுத்து, இழப்பை ஒருமுறை முன்பக்கமாகச் சரிபாருங்கள்.

எல்போ, வால்வு இழப்பை எப்படிச் சேர்ப்பது?

ஒவ்வொன்றுக்கும் ஓர் இழப்புக் குணகம் உண்டு. அதை வேக ஹெட்டால் பெருக்க வேண்டும். கூர்விளிம்பு நுழைவு 0.5, தொட்டிக்குள் வெளியேற்றம் 1, மரை போட்ட 90 டிகிரி எல்போ சுமார் 0.9, முழுக்கத் திறந்த கேட் வால்வு 0.2, முழுக்கத் திறந்த குளோப் வால்வு 10. நான்கு எல்போ, ஒரு கேட் வால்வு, நுழைவு, வெளியேற்றம் சேர்ந்து 5.3. அதை 0.119-ஆல் பெருக்கினால் 0.63 மீ.

கேட் வால்வுக்குப் பதில் குளோப் வால்வு வைத்தால் அந்த ஒன்று மட்டுமே 1.19 மீ. எடுத்துக்கொள்ளும், 22 மீட்டர் நேர்க்குழாய்க்குச் சமம். 100 மீட்டர் குழாயில் இவை சிறு இழப்புகள்தான். 5 மீட்டர் குழாயில் இவையே பெரும் இழப்பு.

இந்தக் குணகங்கள் கொந்தளிப்புக்கு அளந்தவை. ரெனால்ட்ஸ் எண் சில நூறுகளில் இருக்கும் எண்ணெய்க் குழாயில் இவற்றைப் போட்டால் உண்மையான இழப்பு இதைவிட மிக அதிகமாக இருக்கும்.

ஹேசன்–வில்லியம்ஸ் சூத்திரம் போதாதா?

இது தண்ணீர்க் குழாய்களுக்கென்று அனுபவத்தில் அமைந்த எளிய சூத்திரம். சாதாரண வெப்பநிலைத் தண்ணீருக்கு, வழக்கமான வேகங்களில், போதும். அதில் பாகுத்தன்மைக்கே இடமில்லை. அதனால் எண்ணெய், சூடான நீர், உறையாமல் இருக்கச் சேர்க்கும் கிளைக்கால் (glycol) கரைசல் எதற்கும் பயன்படுத்தக் கூடாது. அடுக்கோட்டத்துக்கு அறவே கூடாது.

சதுரக் குழாய், செவ்வக டக்ட்?

நான்கு மடங்கு பரப்பை நனையும் சுற்றளவால் வகுத்து வருவதை விட்டமாகப் போடுங்கள். கொந்தளிப்பில் நன்றாக ஒத்துவரும். அடுக்கோட்டத்தில் 64 மாறும்: சதுரத்துக்கு 56.9, மிக அகன்ற மெல்லிய இடுக்குக்கு 96.

காற்று, வாயுக்களுக்கும் இதே கணக்கா?

மொத்த அழுத்த இழப்பு நுழைவின் தனி அழுத்தத்தில் 10 சதவீதத்துக்குள் இருந்தால் இதே கணக்கு. அதைத் தாண்டினால் வழியில் அடர்த்தி குறைந்து வேகம் கூடிக்கொண்டே போகும். அதற்கு அமுங்கும் பாய்மச் சமன்பாடுகள் வேண்டும். அழுத்தமானி காட்டுவதோடு வளிமண்டல அழுத்தத்தைக் கூட்டினால்தான் தனி அழுத்தம்.

கணக்கில் 5 மீட்டர், அளந்தால் 9 மீட்டர். எங்கே தேடுவது?

முதலில் இரண்டு அழுத்தமானிகளும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்று 2 மீட்டர் உயரத்தில் இருந்தால் அந்த 2 மீட்டர் உராய்வு அல்ல. இரு முனைகளிலும் விட்டம் வேறாக இருந்தால் வேக ஹெட்டின் வித்தியாசத்தையும் கழியுங்கள். எல்போவுக்கு ஒட்டினாற்போல் மானி இருந்தால் அது பொய் சொல்லும். முன்னால் குறைந்தது 10 விட்ட அளவு நேர்க்குழாய் வேண்டும்.

அடுத்து ஓட்ட அளவு. இழப்பு ஓட்டத்தின் வர்க்கத்தை ஒட்டிப் போவதால், மீட்டர் 10 சதவீதம் குறைத்துக் காட்டினால் உண்மையான இழப்பு கணக்கைவிடச் சுமார் 20 சதவீதம் கூடியிருக்கும். ஒரு பீப்பாயில் பிடித்துக் கடிகாரம் வைத்துச் சரிபார்ப்பது எந்த மீட்டரையும்விட நம்பகமானது.

பிறகு உள்விட்டம், பாதி மூடிய வால்வு, அடைத்த ஸ்டிரெய்னர் (வடிகட்டி), மேடான இடங்களில் சிக்கிய காற்று. காற்றுதான் காரணம் என்றால் அங்கே காற்றுவால்வைத் திறந்துவிட்டதும் மானியின் முள் உடனே இறங்கும். இவை எல்லாம் சரியாக இருந்து, ஓட்டத்தைப் பாதியாக்கிப் பார்க்கும்போது இழப்பு ஏறத்தாழ கால் பங்காகக் குறைந்தால் குழாய் உள்ளே சொரசொரத்தோ சுருங்கியோ போயிருக்கிறது. அப்போது ஒரு ஃபிளாஞ்சை (குழாய்களை இணைக்கும் தட்டை) கழற்றி உள்ளே பார்த்து, விட்டத்தை அளந்து, அந்த எண்ணோடு கணக்கை மறுபடி தொடங்குங்கள்.